மருந்துக் கடையில் சோர்ஸ் கேட்டவன்

நேற்று நம் டிசைனர் வாட்ஸ்அப் குழுவில், என்னிடம் டிசைன் பழகும் உங்களில் ஒருவர் போட்டிருந்த செய்தியைப் பார்த்தேன். பெயரைச் சொல்லி மானத்தை வாங்கப் போவதில்லை. யாரோ ஒரு புண்ணியவான், தன் வேலை போக மிச்ச நேரத்தில் உட்கார்ந்து எழுதி, எல்லோரும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இலவசமாகப் போட்டிருந்த ஒரு சின்ன ப்ரோக்ராம். அதற்குக் கீழே நம் ஆள் எழுதியிருக்கிறார்: "சோர்ஸ் கோடு அனுப்பவும். அர்ஜென்ட்." வணக்கம் கிடையாது, நன்றி கிடையாது, எதற்கு என்று ஒரு வார்த்தை கிடையாது. ஓட்டலில் உட்கார்ந்து இன்னொரு கரண்டி சாம்பார் கேட்பவர்கூட 'கொஞ்சம்' என்று சேர்த்துக்கொள்கிறார்.

திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. இதே வார்த்தைகளை இதே வரிசையில் நானும் ஒரு காலத்தில் அனுப்பியவன்தான். ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருஷம் அது. பட்டுச் சேலைக்கு டிசைன் போடுவதில் முப்பது வருஷ அனுபவம், தலையெல்லாம் நரை, புத்தி மட்டும் பள்ளிக்கூட வாசலிலேயே நின்றுவிட்டிருந்தது. அந்தக் கதையை இன்றைக்கே சொல்லிவிடுவது எனக்கு நல்லது. ஏன் என்பது உங்களுக்குக் கடைசியில் தெரியும். நடுவில் சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள்.

அப்போது ஆரணியில் கம்ப்யூட்டரில் டிசைன் போட்டவர்களில் பாதிப் பேர் ஒரே ஒரு இலவச ப்ரோக்ராமைத்தான் வைத்திருந்தோம். படத்தைக் கொடுத்தால், தறிக்கு மேலே இருக்கும் ஜக்கார்டு பெட்டியில் எந்தக் கொக்கி எப்போது எழ வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கொடுத்துவிடும். கொக்கி எழுந்தால் இழை எழும், இழை எழுந்தால் துணியில் படம் விழும். அவ்வளவுதான் விஷயம். அதை எழுதியது பெரிய கம்பெனி ஒன்றும் இல்லை. சந்தவாசலில் மருந்துக் கடை வைத்திருக்கும் சுகுணா என்கிற அம்மாள். தன் கொழுந்தனாருடைய தறிக்காக எழுத ஆரம்பித்து, அது பிடித்துப்போய், மாத்திரை கேட்டு ஆள் வராத நேரமெல்லாம் எழுதித் தள்ளியவர்.

ப்ரோக்ராமின் முதல் பக்கத்திலேயே அவருடைய ஃபோன் நம்பர் இருந்தது. ஆறு வருஷமாக நான் அந்த நம்பருக்குப் பேசிக்கொண்டிருந்தேன். "பார்டர் அரை சென்டிமீட்டர் தள்ளி விழுதும்மா." "எழுத்து சின்னதா இருக்கு, கண்ணு தெரியல." "நேத்து நல்லா இருந்தது, இன்னிக்கு மெதுவா ஓடுது." ஒவ்வொரு தடவையும் அவர் "சரிங்க சார்" என்பார். நாலு நாளில் சரியாகிவிடும். நான் ஏதோ அவருக்கு உதவி செய்துகொண்டிருப்பதாகவே நினைத்திருந்தேன். பிறகு கடையைப் பெரிதாக்கியதில் அவருக்கு நேரம் போதவில்லை. "இனிமே இதுல கை வைக்க முடியாதுங்க, இருக்கறத வெச்சிக்குங்க" என்று குழுவில் ஒரு வரி எழுதிவிட்டு ஒதுங்கிவிட்டார்.

இந்த நிலைமையில்தான் குமரேசன் வந்தார். நெசவாளி. என்னிடம் இருபது வருஷமாக டிசைன் வாங்குகிறவர். அவர் மகள் நித்யாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. தன் மகள் முகூர்த்தச் சேலையைத் தானே நெய்வது என்று முடிவு. என்ன டிசைன் வேண்டும் என்று பெண்ணைக் கேட்டதற்கு, அவள் முந்தி முழுக்க நாய் வேண்டும் என்றிருக்கிறாள். அவர்கள் தெருவில் மணி என்று ஒரு நாய். அவள் கல்லூரிக்குப் போன மூன்று வருஷமும் தினம் காலையில் பஸ் ஏறும்வரை கூடவே நின்று அனுப்பிவிட்டு வருமாம். மாப்பிள்ளை வீட்டில் மயில், யானை, அன்னம் என்று வரிசையாகச் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். பெண் மசியவில்லை.

"நாய் இல்லன்னா கடையில ஒரு சேல எடுத்துக் குடுத்துடு, நான் மணியக் கூட்டிகினு மேடைக்கு வரேன்றாண்ணா. செய்வா அவ" என்றார் குமரேசன். முகத்தில் பயமும் இருந்தது, பெருமையும் இருந்தது.

நாய் நாயாகத் தெரிய வேண்டும் என்றால் கொக்கி நிறைய வேண்டும். குமரேசன் அதற்கென்றே பழைய பெட்டியை இறக்கிவிட்டுப் புதிய எலக்ட்ரானிக் பெட்டி ஏற்றியிருந்தார். பழையதற்கு இரண்டு மடங்கு கொக்கி. நானும் மணியை நேரில் பார்த்துப் படம் எடுத்து, இரண்டு நாள் உட்கார்ந்து, முந்தியில் ஒன்பது நாய் வருகிற மாதிரி அழகாகப் போட்டுக் கொடுத்தேன். நாலு விரல் அகலம் நெய்து பார்த்துவிட்டு மனிதர் துணியையே எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். நாயின் வால் அதன் வாயிலிருந்து முளைத்திருந்தது. முன்கால்கள் இரண்டும் முதுகுமேல் நின்றன. நானூற்று எண்பது கொக்கிக்கு மேல் போனால் ப்ரோக்ராம் குழம்புகிறது. முகூர்த்தத்துக்கு இருபத்திரண்டு நாள். நெய்யவே பன்னிரண்டு நாள் ஆகும்.

வேறு ப்ரோக்ராம் எதிலும் எனக்குக் கை பழகவில்லை. சுகுணா அம்மாள் கை வைக்கமாட்டேன் என்றுவிட்டார். சோர்ஸ், அதாவது ப்ரோக்ராமை அவர் வரி வரியாக எழுதிய மூலம், கிடைத்தால், எழுத்துக் கூட்டியாவது படித்து நானே சரி செய்துவிடலாம் என்று தோன்றியது. உடனே செய்தி அனுப்பினேன். வாசகம் உங்களுக்குத் தெரியும். பார்த்துவிட்டார் என்பதற்கு நீலக் கோடு இரண்டு விழுந்தது. பதில் விழவில்லை.

இங்கேதான் நான் ஆரணிக்காரன் என்பதை நீங்கள் நினைவில் வைக்க வேண்டும். நம் ஊரில் ஒரு டிசைன்காரன் இன்னொரு டிசைன்காரனிடம் "உன் கிராஃபைக் காட்டு" என்று வாயைத் திறந்து கேட்க மாட்டான். கிராஃப் என்பது கட்டத்தாளில் வரைந்த மூல டிசைன். கேட்டால் அது சண்டை. வேண்டுமென்றால் கடைக்குப் போய்ச் சேலையை வாங்கி வந்து, லென்ஸ் வைத்து இழை இழையாக எண்ணிக்கொள்வான். அதற்கு யாரும் கோபப்பட மாட்டார்கள். எதிரே பார்த்தால் டீகூட வாங்கிக் கொடுப்பார்கள். இதிலேயே ஊறிப்போன எனக்கு, சோர்ஸ் என்பதும் அந்த அம்மாள் பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கும் கிராஃப் மாதிரிதான் என்று பட்டது. நேரில் போய் நைசாகப் பேச்சுக் கொடுத்துக் கறந்துவிடலாம் என்று கிளம்பினேன். அவர் என் முகத்தைப் பார்த்ததில்லை என்பதில் எனக்கு ஒரு தைரியம்.

முதல் நாள் சந்தவாசல் போய் இறங்கி, கடைமுன் நின்று தலைவலி மாத்திரை கேட்டேன். கொடுத்தார். "கம்ப்யூட்டர்லாம் வெச்சிருக்கீங்களேம்மா" என்றேன். "பில்லு போட" என்றார். மேற்கொண்டு பேச்சு நகரவில்லை. திரும்பிவிட்டேன். இரண்டாம் நாள் முழங்கால் வலி என்று தைலம் வாங்கினேன். மூன்றாம் நாள் இருமல் மருந்து கேட்டேன்.

அவர் மருந்தை எடுக்கவில்லை. மேஜைமேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, "எங்க, இருமுங்க பாப்போம்" என்றார்.

இருமினேன். எனக்கே கேவலமாக இருந்தது.

"மொத நாளு 'தலவலி மாத்திர குடும்மா'ன்னீங்களே, அப்பவே தெரியும் சார்" என்றார். "ஆறு வருஷமா கேட்ட குரலாச்சே. எவ்ளோ தூரம் போறீங்கன்னு பாக்கலாம்னுதான் வுட்டேன். நாளைக்கு இன்னா வியாதி யோசிச்சு வெச்சிருந்தீங்க?"

"நெஞ்சு எரிச்சல்" என்று உண்மையைச் சொன்னேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நம்பி, சோர்ஸ் வேண்டும் என்று உடைத்துவிட்டேன். சிரிப்பு நின்றுவிட்டது. "அது மட்டும் குடுக்க முடியாது சார், தப்பா நெனைச்சிக்காதீங்க" என்று சொல்லிவிட்டு, அடுத்து வந்தவருக்குக் காய்ச்சல் மாத்திரை எண்ண ஆரம்பித்தார்.

விட்டேனா பார்! நான் திருடிவிடுவேன் என்றுதானே பயப்படுகிறார், அந்தப் பயத்தை எடுத்துவிட்டால் போச்சு என்று நினைத்தேன். மறுநாள் பத்திரக் காகிதம் வாங்கி, 'மேற்படி சோர்ஸை நானோ என் வாரிசுகளோ எவருக்கும் காட்டவோ பிரதி எடுக்கவோ மாட்டோம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, இரண்டு சாட்சியும் வாங்கிக்கொண்டு போய் நீட்டினேன். இதைவிட மரியாதையாக யாரும் கேட்க முடியாது என்று சத்தியமாக நம்பினேன்.

முழுக்கப் படித்தார். வாரிசு என்கிற இடத்தில் ஒரு நிமிஷம் நின்றார். பிறகு நாலாக மடித்து என் பக்கமே தள்ளினார்.

"ரெண்டு வருஷம் ஒக்காந்து எழுதி, யார்கிட்டயும் ஒரு துண்டுச் சீட்டு வாங்காம ஊருக்கே குடுத்தேன். நீங்க இன்னா சார், என்னமோ நான் பொட்டிக்குள்ள பூட்டி வெச்சிகினு காவல் காக்கற மாதிரி பத்திரம் எழுதிகினு வரீங்க? போன வருஷம் ஒருத்தரு அதுல என் பேர எடுத்துட்டு அவரு பேரப் போட்டு, 'நான் பண்ணது, எப்படி இருக்கு பாருங்க'ன்னு எனக்கே அனுப்பினாரு. அதுக்கே நான் ஒண்ணும் சொல்லல. குடுக்காததுக்குக் காரணம் வேற. அத உங்ககிட்ட சொல்ல முடியாது. போய்ட்டு வாங்க."

பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு அவமானமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. என்ன பெரிய ரகசியம், என்னிடம் சொல்ல முடியாத ரகசியம்? நேராகக் குமரேசன் வீட்டுக்குப் போய், கதை முடிந்தது, கடையில் சேலை பார்த்துக்கொள் என்றேன். அவர் தறியை விட்டு எழுந்திருக்கவில்லை. தறியில் ஓடியிருந்த பாவு நூலை விரலால் நீவினார். உள்ளே நித்யா யாரிடமோ ஃபோனில் "எங்கப்பா நெய்யறாரு, மணி வருது பாரு முந்தியில" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தது கேட்டது.

"அந்தம்மாவ நான் ஒரு தபா பாக்கணும்ணா" என்றார் குமரேசன்.

"நீ என்ன கேக்கப் போற? சோர்ஸுன்னா இன்னான்னு தெரியுமா உனக்கு?"

"தெரியாது. நான் எதுக்குக் கேக்கறேன்?"

மறுநாள் காலையில் இருவரும் போனோம். நான் கடைக்கு வெளியே செருப்பு விடும் இடத்திலேயே நின்றுகொண்டேன். குமரேசன் உள்ளே போய்க் கும்பிட்டார். "நான் ஆரணிங்க. தறிக்காரன். நீங்க எழுதினதுலதான் இத்தினி வருஷமா எங்க ஊட்ல வேல ஓடுது. யாரு எழுதினாங்கன்னே தெரியாது எனக்கு. நேத்துதான் இவரு சொன்னாரு. அதான் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார். பிறகு பையிலிருந்து அந்த நாலு விரல் துணியை எடுத்து மேஜையில் விரித்தார். "எம்பொண்ணு கல்யாணத்துக்கு நெய்யறேன். இந்த மாதிரி வுழுதும்மா. எங்க தப்புன்னு புரியல."

சுகுணா அம்மாள் குனிந்து பார்த்தார். வாயிலிருந்து வால் முளைத்த நாயை, அதன் முதுகில் நிற்கும் கால்களை. தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்துவிட்டேன். சிரிப்பு. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். சிரித்து முடித்துத் துணியை விரலால் தடவியபடி, "நல்லா நெய்திருக்கீங்க. தப்பு என்னுதுதான்" என்றார். எப்போது முகூர்த்தம் என்று கேட்டார். பெண் பெயரைக் கேட்டார். நாய்ப் பெயரையும் கேட்டார். அதன் பிறகுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"ரெண்டு நாள் டைம் குடுங்க. கொஞ்சம் கூட்டிப் பெருக்கிட்டுக் குடுக்கறேன்."

இங்கே நான் வாயை மூடியிருக்க வேண்டும். பிறருக்காக எழுதாத சோர்ஸ் என்பது விருந்தாளி வராத வீடு மாதிரி. ஒழுங்குபடுத்த நேரம் கேட்டால் கொடுக்க வேண்டும். ஆனால் எனக்கு மனசில் நாள் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. "வேணாம்மா, நாளு இல்ல. இருக்கறபடியே குடுங்க."

"இருக்கறபடி குடுத்தா நீங்க வருத்தப்படுவீங்க சார்."

"நான் எதுக்கும்மா வருத்தப்படப் போறேன்?"

"அப்புறம் என்னையச் சொல்லக் கூடாது" என்று பென்டிரைவில் போட்டுக் கொடுத்தார்.

சாயங்காலம் என் டிசைன் அறையில் அதைத் திறந்தோம். ப்ரோக்ராம் எழுதுகிறவர்கள் வரிகளுக்கு நடுவே, எதற்காக இதைச் செய்தோம் என்று தங்களுக்காகக் குறிப்பு எழுதி வைப்பார்கள். கம்ப்யூட்டர் அதைச் சட்டை செய்யாது. சுகுணா அம்மாள் குறிப்புகளைத் தமிழில், ஆனால் ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தார். குமரேசனுக்கு ஆங்கில எழுத்து வராது என்பதால் நான் உரக்கப் படித்துக்கொண்டே வந்தேன். முதல் குறிப்பைப் படிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினேன்.

"இன்னாண்ணா முழுங்கற? படி" என்றார் குமரேசன்.

படித்தேன். 'ஆரணிப் பெருசு போன். அரை சென்டிமீட்டராம். ஸ்கேல் வெச்சிகினு தூங்குமோ இன்னாவோ.'

குமரேசன் என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன். அடுத்தது: 'பெருசுக்குக் கண்ணு தெரியலியாம். எழுத்த ரெண்டு மடங்கு ஆக்கியாச்சு. கண்ணாடி மட்டும் மாத்தாது.' அதற்கடுத்தது: 'மறுபடியும் அதே பெருசு. பேஜார்.' பக்கத்துக்குப் பக்கம் நான்தான். ஆறு வருஷ ஃபோனும் தேதி தவறாமல் அங்கே உட்கார்ந்திருந்தது. அவர் எதற்காகக் கொடுக்க மறுத்தார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. குமரேசன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததில் நாற்காலி கிறீச்சிட்டது. நானும் சிரிக்கத்தான் பார்த்தேன். ஆனால் ஒரு இடத்தில் முடியவில்லை: 'நாலு நாள் முழிச்சு சரி பண்ணேன். தேங்க்ஸுன்னு ஒரு வார்த்த அந்த வாய்ல வராது.'

யோசித்துப் பார்த்தேன். வந்ததே இல்லை. ஆறு வருஷத்தில் ஒரு தடவைகூட வந்ததில்லை. எனக்கு உண்மையாகவே வெட்கமாகப் போய்விட்டது.

மிச்சக் குறிப்பெல்லாம் வேண்டாம், நேராகக் கணக்குக்குப் போவோம் என்று வேகமாக நகர்த்த ஆரம்பித்தேன். குமரேசன் விடவில்லை. "எல்லாத்தையும் படிண்ணா. துட்டு குடுத்தாலும் இது கெடைக்காது" என்றார். அவர் பிடிவாதத்தில்தான் இது கண்ணில் பட்டது: 'நானூத்தி எம்பது கொக்கியோட நிறுத்திட்டேன். அதுக்கு மேல யாரு கேக்கப் போறாங்க. கேட்டா அந்தப் பெருசுதான் கேக்கும். அப்போ பாத்துக்கலாம்.'

எங்கே கை வைக்க வேண்டும் என்று அந்த அம்மாளே விரல் நீட்டிக் காட்டியிருந்தார். கூட்டிப் பெருக்கியிருந்தால் முதலில் போயிருப்பது இந்த வரிதான். இரண்டாயிரம் வரியில் நான் ஆடி மாசம்வரை தேடிக்கொண்டிருப்பேன். முதல் தடவை மாற்றியதில் மணிக்கு இரண்டு தலை வந்தது. இரண்டாம் தடவை வால் காணாமல் போனது. மூன்றாம் தடவை குமரேசன் தறியில் நாலு விரல் நெய்துவிட்டுத் துணியைத் திருப்பிக் காட்டினார். மணி நாலு காலில் நின்றது.

சந்தவாசலுக்கு ஃபோன் போட்டேன். எடுத்ததும், "இப்போ இன்னா தப்பு சார்?" என்றார்.

"தப்பு ஒண்ணும் இல்லம்மா. நன்றி சொல்லத்தான் கூப்பிட்டேன். இதுக்கும், இத்தன வருஷத்துக்கும்."

"யாருங்க பேசறது?" என்றார்.

முகூர்த்தத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது சேலை தறியிலிருந்து இறங்கியது. முகூர்த்தத்தன்று மாப்பிள்ளையின் அத்தை ஒருவர் முந்தியைப் பிடித்துப் பார்த்து, "சிங்கம் போட்டிருக்கீங்களா, ராசிதான்" என்றார். நித்யா, "சிங்கம் இல்ல அத்தை, மணி. வெளிய பந்தல்கிட்ட நிக்கிது பாருங்க" என்றாள். குமரேசன் அழைத்திருந்ததால் சுகுணா அம்மாளும் வந்திருந்தார். மணமக்களை வாழ்த்துவதற்கு முன்னால் முந்தியின் நுனியைப் பிடித்து ஒன்பது நாயின் வாலையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். பிறகு அந்தப் பெண்ணின் கன்னத்தைத் தொட்டார். அவர் கண் நிறைந்திருந்ததை நான் பார்த்தேன். என்னுடையதைக் குமரேசன் பார்த்திருப்பார்.

பிள்ளைகளே, வாங்கியதைச் சரி செய்தால் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதுதான் இந்த விஷயத்தில் பெரிய மரியாதை, பத்திரம் இல்லை. நான் மாற்றிய சோர்ஸை அவருக்கே அனுப்பினேன். அவர் எழுதிய எதையும் அழிக்கவில்லை. அந்த நானூற்று எண்பது கொக்கிக் குறிப்பின் கீழே மட்டும் ஒரு வரி சேர்த்தேன்: 'பெருசு கேட்டது. பார்த்தாயிற்று. ஒன்பது நாயும் நலம்.'

ஒரு மாசம் கழித்து அவரே புதிய பதிப்பு ஒன்றைக் குழுவில் போட்டார். இந்த முறை சோர்ஸோடு சேர்த்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று. அதைத்தான் நாளைக்கு உங்கள் எல்லோருடைய கம்ப்யூட்டரிலும் ஏற்றித் தரப்போகிறேன். திறந்தால் நீங்கள் முதலில் படிக்கப் போவது குறிப்புகளைத்தான் என்று எனக்குத் தெரியும். நானும் அன்றைக்கு அதைத்தான் செய்தேன். கூட்டிப் பெருக்கியிருப்பார் என்று நினைத்து கடைசி வரிவரை தேடினேன். பெருக்கித்தான் இருந்தார். எல்லா இடத்திலும் 'பெருசு' போய்ப் 'பெரியவர்' என்று வந்திருந்தது. திட்டியதில் மட்டும் ஒரு வார்த்தை குறையவில்லை.